காக்ளியர் இம்பிளான்ட் பொருத்திய குழந்தைக்குத் தொற்று வருமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காது கேளாத குழந்தைக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் மின்கருவிதான் காக்ளியர் இம்பிளான்ட். கேட்புப் பயிற்சிக்குக் குழந்தைகளை அழைத்து வரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் கேட்கும் கேள்விகள் இவை. கருவியின் விலை, மேப்பிங் (குழந்தைக்கு ஏற்றபடி கருவியின் ஒலி அளவைச் சரிசெய்வது), பேச்சுப் பயிற்சி ஆகியவை இங்கே இல்லை. தொற்று ஒன்றைப் பற்றி மட்டும்தான். மருந்தும் அளவும் உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான். எப்போது அவரிடம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்ய இது உதவும்.

இந்த ஆபரேஷன் செய்தால் மூளைக்காய்ச்சல் வரும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்துகிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியா தாக்குவதால் வரும் மூளைக்காய்ச்சல், கருவி பொருத்திய குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பது 2002 இல் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 1997க்கும் 2002க்கும் இடையே, ஆறு வயதுக்குள் கருவி பொருத்திய 4,264 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2003 இல் வெளியானது. அவர்களில் 26 குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்திருந்தது. சிலருக்கு இரண்டாம் முறையும் வந்ததால் மொத்தம் 29 முறை. நிமோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே வயதுள்ள மற்றக் குழந்தைகளைவிட 30 மடங்குக்கும் மேல்.

30 மடங்கு என்ற எண்தான் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றுகிறது. 4,264 பேரில் 26 பேர் என்பது சுற்றுவதில்லை. நூறு குழந்தைகளில் 99 பேருக்கு மேல் அது வரவே இல்லை என்பதும் அதே ஆய்வின் கணக்குதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்தின் கருவியோடு, உள்காதுக்குள் போகும் மெல்லிய மின்முனையை அதன் உட்சுவரை ஒட்டித் தள்ளி நிறுத்த ‘பொசிஷனர்’ என்ற சிறு சிலிக்கோன் துண்டையும் செருகினார்கள். நோய் வந்தவர்களில் அது பொருத்தப்பட்டவர்களே மிகுதி. 2002 ஜூலையில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். இன்று உங்கள் குழந்தைக்கு வைக்கும் கருவியில் அது கிடையாது. தடுப்பூசியும் அன்றைக்கு இருந்ததைவிட இன்று எளிதில் கிடைக்கிறது. அபாயம் குறைந்திருக்கிறது, முழுவதும் இல்லாமல் போய்விடவில்லை.

காதில் வைக்கிற கருவிக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

வெளியே தெரியும் பகுதி காதின் பின்னால் தொங்குகிறது. உள்ளே இருக்கும் பகுதி காதுக்குப் பின்புறம் மண்டையோட்டின் மேல், தோலுக்கு அடியில் பதிக்கப்படுகிறது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய மின்முனை நடுக்காதைக் கடந்து, நத்தைக்கூடு வடிவில் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் நுழைகிறது.

சளி பிடிக்கும்போது சீழ் கட்டும் இடம் நடுக்காது. உள்காதில் இருக்கும் திரவத்துக்கும் மூளையைச் சூழ்ந்திருக்கும் நீருக்கும் நுண்ணிய வழிகள் உண்டு. கருவி வைப்பதற்காக நடுக்காதிலிருந்து உள்காதுக்கு ஒரு துவாரம் திறக்கப்படுகிறது. அறுவை மருத்துவர் சதைத் துணுக்கை வைத்து அதை அடைக்கிறார். நாளடைவில் சுற்றிலும் சவ்வு வளர்ந்து மூடிக்கொள்கிறது. அந்த அடைப்பு எங்காவது பலவீனமாக இருந்தால், நடுக்காதில் உட்கார்ந்திருக்கும் கிருமிக்கு உள்ளே போக ஒரு பாதை கிடைத்துவிடுகிறது. காதுவலியை இவ்வளவு பெரிதாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு அபாயமா?

இல்லை. பிறவியிலேயே உள்காதின் அமைப்பு சரியாக உருவாகாத குழந்தைகளுக்குக் கூடுதல். அவர்களுக்குக் கருவி வைக்காவிட்டாலும் மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான்; எனவே எல்லாப் பழியையும் கருவியின் தலையில் போடுவது நியாயம் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், அறுவையின்போது மூளைநீர் கசிந்தவர்கள், அடிக்கடி காதில் சீழ் வைக்கும் சின்னக் குழந்தைகள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் உள்காதின் அமைப்பு தெரிந்துவிடும். “என் குழந்தையின் உள்காது அமைப்பு சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். நம் பக்கத்தில் டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று வாய் திறக்காமல் வந்துவிடுகிறோம். இந்த ஒரு கேள்வியையாவது கேட்டு, பதிலை எழுதி வாங்கி வாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட தடுப்பூசி போதுமா?

பாதி போதும். அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கவனிக்க வேண்டிய கிருமிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிருமி. அதற்கான மருந்து 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே இருக்கிறது. இந்தியாவில் அந்த ஊசியை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். ஆகவே மூன்று தவணையும் தவறாமல் போட்டிருந்தால் அந்தக் கவலை இல்லை.

மற்றது நிமோகாக்கஸ். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். அரசு அட்டவணையில் நிமோகாக்கல் கூட்டுத் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 இல்தான் சேர்ந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குத் தனியாரில் காசு கொடுத்துப் போட்டிருந்தால் தவிர, போட்டிருக்க வாய்ப்பில்லை. அட்டையில் ‘பி.சி.வி.’ என்ற கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாமல் வெறும் டிக் மட்டும் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு மேல், கருவி பொருத்தும் குழந்தைக்கு இன்னொரு நிமோகாக்கல் ஊசி உண்டு. 23 வகைக் கிருமிகளுக்கானது. இரண்டு வயது முடிந்த பிறகுதான் போடுவார்கள். கூட்டுத் தடுப்பூசியின் கடைசித் தவணைக்குப் பிறகு குறைந்தது எட்டு வாரம் கழித்து. இது வழக்கமான அரசு அட்டவணையில் இல்லை. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும், யாராவது நினைவுபடுத்தினால்தான் எழுதுவார்கள். ஒன்றரை வயதில் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு இரண்டு வயதில் இது பாக்கி இருக்கிறது என்பதை, பயிற்சிக்கு அலைகிற அலைச்சலில் வீட்டில் மறந்துபோகிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் தேதியைப் போட்டு எழுதி வையுங்கள்.

இப்போது 20 வகைக் கிருமிகளுக்கான புதிய கூட்டுத் தடுப்பூசியும் வந்திருக்கிறது. அதைப் போட்டால் தவணைக் கணக்கு மாறும். எது உங்கள் குழந்தைக்குப் பொருந்தும் என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்வார்.

ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊசிகள் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்து, சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ திடீரென “வந்து சேருங்கள்” என்று அழைப்பு வரும். அப்போது ஊசிக்கு ஓடிப் பயனில்லை. வருமானச் சான்றுக்கு அலையும் காலத்திலேயே ஊசியையும் முடித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஃபுளூ ஊசியும் நல்லது, ஏனென்றால் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்துதான் காதில் சீழ் வைக்கிறது.

எல்லா ஊசியும் போட்டாயிற்று. இனிப் பயமில்லைதானே?

நிமோகாக்கஸில் 90க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஊசி, அதிகமாக நோய் தரும் வகைகளைத் தடுக்கிறது. ஊசி போட்ட குழந்தைக்கும் காய்ச்சல் வந்தால் பார்க்கும் பார்வை மாறக் கூடாது.

ஆபரேஷன் காயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

காதுக்குப் பின்னால் வளைவாக ஒரு தையல் இருக்கும். முதல் சில நாள் லேசான வீக்கமும், காதின் மேல்பகுதியில் மரத்துப்போன உணர்வும் இயல்பு. வீக்கம் குறைந்து வர வேண்டும். குறைந்த வீக்கம் மறுபடி கூடினால், தையல் ஓரம் சிவந்து சூடாக இருந்தால், ஈரம் கசிந்தால், காது முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றால் அன்றே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்ய வேண்டும். மூக்கிலோ காதிலோ தண்ணீர்போலத் தெளிவாகச் சொட்டினால் அது சளி என்று நினைத்துத் துடைத்துவிட்டு இருக்காதீர்கள், மூளைநீராக இருக்கலாம்.

தையல் மேல் மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், காபித்தூள் எதுவும் வேண்டாம். மஞ்சள் கிருமிநாசினி என்று பாட்டி வாதாடுவார். அடுக்களையில் திறந்து மூடும் டப்பாவில் இருக்கிற மஞ்சள், கிருமி நீக்கிய மருந்து அல்ல.

ஆபரேஷன் முடிந்து ஓராண்டு ஆகிறது. காந்தம் ஒட்டும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறது. இது தொற்றா?

இன்னும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இப்படித்தான் தொடங்குகிறது. கருவியின் வெளிப்பகுதியைத் தலையோடு ஒட்டி நிறுத்தும் வெளிக்காந்தம் தேவைக்கு மேல் வலுவாக இருந்தால், உள்ளே இருக்கும் காந்தத்துக்கும் அதற்கும் இடையே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. பிறகு தோல் மெலிகிறது, புண்ணாகிறது, அந்தப் புண் வழியாகக் கிருமி நேராகக் கருவிக்குப் போகிறது. வெளிக்காந்தம் அடிக்கடி கழன்று விழுகிறது என்பதற்காக வலுவான காந்தம் கேட்டு வாங்கும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன்.

தினமும் இரவு கருவியைக் கழற்றும்போது, குழந்தையை விளக்குக்கு முதுகு காட்டி மடியில் உட்கார வையுங்கள். சீப்பின் நுனியால் முடியை வகிர்ந்து, காந்தம் இருந்த வட்டத்தைப் பாருங்கள். லேசான இளஞ்சிவப்பு இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பி, கால் மணி நேரத்தில் மறைந்தால் சரி. காலையிலும் அப்படியே சிவந்திருந்தால், தொட்டால் குழந்தை தலையை இழுத்துக்கொண்டால், தோல் பளபளவென்று மெலிந்திருந்தால், அந்தப் பக்கம் காந்தத்தை ஒட்டாமல் ஆடியாலஜிஸ்டை (கேட்புத் திறனைப் பரிசோதித்துக் கருவியைச் சரிசெய்பவரை) பாருங்கள். காந்தத்தின் வலுவைக் குறைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நாளில் அந்த வட்டத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

குழந்தைக்குக் காது கேட்டால் மொட்டை போடுவதாக வேண்டுதல். போடலாமா?

அநேகமாக எல்லா வீட்டிலும் இந்த வேண்டுதல் இருக்கிறது. தீர்த்தமலைக்கோ, குலதெய்வத்துக்கோ. போடலாம், ஆனால் காயம் முழுவதும் ஆறி அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு.

சவரக் கத்தியில்தான் சிக்கல். கருவி இருக்கும் இடத்தில் தோல் லேசாக மேடாக இருக்கும், அந்த மேட்டின் விளிம்பில் கத்தி எளிதாகக் கீறிவிடும். மற்றப் பிள்ளைக்குக் கீறல் என்றால் ஒரு நாள் எரிச்சல். இங்கே கீறலுக்கு மில்லிமீட்டர் கணக்கில் கீழே கருவி. முன்னால் இருந்த தலைக்குப் பயன்பட்ட அதே பிளேடாக இருந்தால் இன்னும் மோசம். எனவே மின்சார டிரிம்மரால் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள், அல்லது மேடான பகுதிக்கு மட்டும் கத்தரிக்கோல். மொட்டை அடிப்பவரிடம் விரலை வைத்து இடத்தைக் காட்டிவிட்டு உட்கார வையுங்கள். பூ முடி கொடுத்து வேண்டுதலை முடித்துக்கொள்ளும் வழக்கமும் நம் கோயில்களில் உண்டே, சாமி கோபித்துக்கொள்ளாது.

காதுகுத்து?

கூடுமானவரை ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே முடித்துவிடுங்கள், அல்லது எல்லாம் ஆறிய பிறகு. கீழ்மடலில் மட்டும். மேலே குருத்தெலும்பில் குத்தினால் அங்கே சீழ் பிடிக்கும், வெளிக்கருவி தொங்குவதும் அந்தக் காதில்தான். புது ஊசி என்பதைக் கண்ணால் பாருங்கள். விருந்துக்குத் தாய்மாமன் வரும் தேதியைப் பார்த்துக் குத்துவதைவிட மருத்துவர் தேதியைப் பார்த்துக் குத்துவது நல்லது. தாய்மாமன் எப்படியும் வருவார்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா? தாய்ப்பால்?

வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேராக நடுக்காதுக்குப் போகும். ஊக்கு, கொண்டை ஊசி, சைக்கிள் சாவி ஆகியவற்றால் அழுக்கெடுப்பதும் நிற்க வேண்டும்.

காதுவலி, சீழ் வந்தால் ஓரிரு நாள் பார்க்கலாமா?

கருவி இல்லாத குழந்தைக்கு லேசான காதுவலி என்றால் மருத்துவர்களே இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வதுண்டு. கருவி உள்ள குழந்தைக்கு அப்படிப் பொறுப்பதில்லை. ஆன்டிபயாடிக் தாமதமின்றித் தொடங்குவார்கள். அதிலும் ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு மாதத்தில் காதுத் தொற்று வந்தால், மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து தருவது வழக்கம். காதுக்குப் பின்னால் வீங்கினால் எந்த மாதமாக இருந்தாலும் அவசரம்.

கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். வலி நின்றதும் பாட்டிலை மூடி, அடுத்த சளிக்கு எடுத்து வைக்கும் பழக்கம் இந்தக் குழந்தைகளிடம் எடுபடாது.

காய்ச்சல் வந்தால் எப்போது ஓட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

காய்ச்சலோடு கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அன்று இரவே மருத்துவமனை: விடாத தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, கழுத்தை மடக்கித் தாடையை நெஞ்சில் தொட முடியாமை, வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, எழுப்பினாலும் மயங்கி மயங்கித் தூங்குவது, வலிப்பு. கைக்குழந்தை என்றால் கழுத்து விறைப்பு தெரியாமலே போகலாம். பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் இன்னும் வீறிடுவது, உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை காய்ச்சலோடு திடீரெனக் கூப்பிட்டால் திரும்பவில்லை, நடை தள்ளாடுகிறது என்றாலும் அதுவே.

சாதாரணச் சளிக்காய்ச்சல்போலத் தெரிந்தாலும் அன்றே ஒரு மருத்துவரிடம் காட்டி, கருவி இருப்பதைச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து ஆண்டுகள் கழிந்தாலும் இது பொருந்தும். நாள்பட்ட பிறகும் மூளைக்காய்ச்சல் வந்ததுண்டு.

நம் மாவட்டங்களில் இதில் இரண்டு தடைகள். ஒன்று, தூரம். அஞ்செட்டியிலிருந்தோ பெட்டமுகிலாளத்திலிருந்தோ சித்தேரியிலிருந்தோ இரவில் இறங்குவது லேசான காரியம் இல்லை. அதனாலேயே மாலையில் சந்தேகம் வந்தால் மாலையிலேயே புறப்பட வேண்டும். காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆபரேஷன் நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டி பிடிக்காதீர்கள். முதல் டோஸ் மருந்து எங்கே சீக்கிரம் ஏறுமோ அங்கே போங்கள், அங்கிருந்தே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போனில் பேசவைக்கலாம்.

இரண்டாவது தடை, மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் இரண்டு வேளை ஆன்டிபயாடிக்கும், தெரிந்தவர் போடும் ஊசியும். நோய் அடங்காது, காய்ச்சல் மட்டும் கொஞ்சம் இறங்கி, வீட்டாரை ஏமாற்றும். பிறகு முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்தாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள், அது போதும்.

ஒகேனக்கல்லில் குளிக்க வைக்கலாமா?

காயம் ஆறிய பிறகு, வெளிக்கருவியைக் கழற்றிவிட்டு, குளிக்கலாம். செவிப்பறையில் ஓட்டையோ, அதில் வைத்த காற்றுக் குழாயோ, காதில் சீழோ இருந்தால் கூடாது. ஆடிப்பெருக்கன்று கலங்கி ஓடும் ஆற்றில் தலையை முக்குவதைத் தவிர்க்கலாம். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர் தலையில் தட்டித் தாளம் போடுவார், அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தொற்று வந்தால் கருவியை எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் மருந்திலேயே முடியும். ஆனால் சில கிருமிகள், குறிப்பாகத் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ், கருவியின் மேற்பரப்பில் கிணற்றுப்படியில் பாசி படிவதுபோல ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் போதுமான அளவு இறங்காது. மருந்து கொடுக்கும்வரை அடங்கும், நிறுத்தினால் திரும்பும். அந்நிலையில் கருவியை எடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் காக்ளியாவுக்குள் இருக்கும் மின்முனையை மட்டும் வெட்டி அங்கேயே விட்டுவைப்பதுண்டு, வழி அடைபடாமல் இருக்க. தொற்று முழுவதும் தீர்ந்து சில மாதம் கழித்து மறுபடி பொருத்துவார்கள்.

மூளைக்காய்ச்சல் வந்துதான் என் பிள்ளைக்குக் காது போனது. கருவி வைத்தால் மறுபடி வருமே, சில வருடம் பொறுக்கலாமா?

பொறுத்தால் நஷ்டம். அந்த நோய்க்குப் பிறகு காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம், சிலருக்குச் சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். அடைபட்ட பின் மின்முனையை முழுதாக நுழைக்க முடியாமல் போகலாம். காய்ச்சல் குணமானதும் கேட்புத் திறனைப் பரிசோதித்து, உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வரிசையில் காத்திருக்க வைத்தால், மூளைக்காய்ச்சலால் வந்தது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. நிமோகாக்கல் ஊசி உட்பட.

வேறு ஊர் ஆஸ்பத்திரியில் எதைக் காட்டுவது?

ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, கருவிப் பையிலேயே வையுங்கள்: எந்தக் காதில் கருவி, நிறுவனமும் மாடலும், ஆபரேஷன் தேதி, உள்காது அமைப்பு சரியா இல்லையா, போட்ட ஊசிகளும் தேதிகளும், மருந்து ஒவ்வாமை, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சி.டி.க்குத் தடையில்லை. எம்.ஆர்.ஐ. என்றால் உள்ளே காந்தம் இருப்பதை முன்பே சொல்லியாக வேண்டும். சில மாடல்களுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம், அதை முடிவு செய்ய மாடல் பெயர் தேவை. வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் தலைப்பக்கம் மின்கத்தி பயன்படுத்துவதிலும் கட்டுப்பாடு உண்டு.

பையை எடுத்துப் போவது எப்போதும் அம்மாதான் என்று இருக்க வேண்டாம். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது அப்பாவுக்கும், பள்ளி ஆசிரியருக்கும், விடுமுறைக்குப் போகும் தாத்தா வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும்.